கருமணல், மேன்டில், டிஎன்ஏ: மணவாளக்குறிச்சியின் நூறு வருஷக் கேள்வி

எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காகப் பேச்சைக் கொஞ்சம் சீர்செஞ்சு இங்க எழுத்தாப் போட்டிருக்கோம். பின்னணியில வந்த பஸ் ஹாரன் எல்லாம் வெட்டியாச்சு.

இன்னைக்குப் பேசறது கருவேப்பிலங்குறிச்சியில இருந்து. பக்கத்துல விருத்தாசலம். விருத்தாசலம்னாலே பீங்கான் ஞாபகம்தான் வரும். பொம்மை, விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை. பீங்கான் மேல ஒரு வெள்ளைப் பளபளப்பு இருக்கும் இல்லையா, அது ஒளி ஊடுருவாம கெட்டி வெள்ளையாத் தெரியறதுக்காக உலகம் முழுக்க பீங்கான்காரங்க பூச்சுல கலக்கற பொருள்கள்ல ஒண்ணு சிர்கான் பொடி. சிர்கான் பெரும்பாலும் கடற்கரை மணல்ல இருந்து பிரிச்செடுக்கற சரக்கு. தமிழ்நாட்டுல அதுக்குப் பேர்போன ஊரும் ஒரு குறிச்சிதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி.

அந்தக் கடற்கரைக் கருமணல்ல இல்மனைட் இருக்கு, ரூட்டைல் இருக்கு, கார்னெட் இருக்கு, நம்ம சிர்கான் இருக்கு. கூடவே தேன் நிறத்துல ஒரு மணி. பேரு மோனசைட். அதுக்குள்ள தோரியம். இன்னைக்குக் கதை அந்த தோரியத்துல இருந்து கிளம்பற ஒரு துகளைப் பத்தினது. அது உடம்புக்குள்ள டிஎன்ஏ மேல மோதினா என்ன ஆகும்? அந்த மணல் மேலயே தலைமுறை தலைமுறையா வாழற ஜனங்களுக்கு என்ன ஆச்சு? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான்னு நாம நினைச்சுக்கறோம். பல சண்டைங்க அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல, வெள்ளைக்காரங்களுக்கு இந்த மணல் எதுக்குத் தேவைப்பட்டுச்சு? விளக்கு எரிக்க. வியன்னாவுல கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்னு ஒரு வேதியியலாளர். பருத்தி வலையை சில உப்புக் கரைசல்ல ஊறவெச்சு, கேஸ் சுடர் மேல மாட்டினா வெள்ளை வெளிச்சம் வரும்னு 1880கள்ல கண்டுபிடிச்சார். கொஞ்ச வருஷத்துல அந்தக் கலவை ஒரு அளவுக்கு வந்து நின்னது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அதுதான் மேன்டில். 'வைதேகி காத்திருந்தாள்' படத்துல கவுண்டமணி கடையில செந்தில் கை வெச்சு உடைக்கற அதே சமாச்சாரம். 1984ல தியேட்டரே சிரிச்ச அந்த காமெடிக்கு நடுவுல தொங்கிட்டிருந்தது, கதிரியக்கத் தனிமத்தை வெச்சு செய்யற ஒரு பொருள். (பயப்படாதீங்க. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல கல்யாணம் பார்த்த தாத்தா பாட்டிக்கு அதால ஒண்ணும் ஆகியிருக்காது. ஏன்னு பின்னாடி வரும்.)

ஐரோப்பாவுக்கு அப்போ தோரியம் பிரேசில்லயிருந்தும் அமெரிக்காவுல இருந்தும் போய்க்கிட்டிருந்துச்சு. 1909ல ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து இறக்குமதியான கயித்து நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதுல மோனசைட் இருக்கறதைக் கண்டுபிடிச்சார். தேடிக்கிட்டு நேரா இங்கயே வந்துட்டார். முதல் ஆலை மணவாளக்குறிச்சியில. அடுத்தது சவராவுல. அப்புறம் ஜெர்மன் உளவாளின்னு சந்தேகப்பட்டு அவரைப் பிடிச்சு வெச்சாங்க, ஆலையும் கைமாறி லண்டன் கம்பெனி ஒண்ணுக்குப் போச்சு.

அணுகுண்டு வந்த பிறகு தோரியத்தோட மதிப்பே வேற. 1947ல திவான் சி.பி. ராமசாமி ஐயர் 'திருவிதாங்கூர் தனி நாடு'ன்னு அறிவிச்சதுக்குப் பின்னாடி இருந்த தைரியத்துல இந்த மணலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த அரசியலுக்குத் தனி எபிசோடே போடலாம். நமக்கு இப்போ தேவையான தேதிங்க ரெண்டுதான். 1950ல இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கினாங்க. 1956 நவம்பர் 1ல கன்னியாகுமரி தமிழ்நாட்டோட இணைஞ்சது. அதுவரைக்கும் ஒரே ஆட்சிக்குக் கீழ இருந்த மணவாளக்குறிச்சியும் சவராவும் அன்னையிலயிருந்து ரெண்டு மாநிலம். இதை மனசுல வெச்சுக்கோங்க.

இப்போ அந்தத் துகள்கிட்ட வருவோம்.

தோரியம் ரொம்பப் பொறுமைசாலி. பாதி சிதையவே சுமார் 1,400 கோடி வருஷம் எடுத்துக்கும். அது ஒரேயடியா அடங்கிடறதில்ல. ஒண்ணு சிதைஞ்சு இன்னொண்ணாகி, அது சிதைஞ்சு வேறொண்ணாகி, கடைசியில ஈயமா நிக்கும். அந்த வழியில ஆறு ஆல்ஃபா துகள் வெளிய வரும். ஆல்ஃபான்னா என்னன்னு ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் உறுதிசெஞ்சு வெளியிட்டதும் அதே 1909லதான். எலக்ட்ரான் ரெண்டையும் இழந்த ஹீலியம் அணு. அதாவது ஒரு அயனி. பலூன்ல அடைக்கற ஹீலியமேதான், ஆனா விநாடிக்கு 14,000 கிலோமீட்டர் வேகத்துல கிளம்பும். அதுவும் தோரியம் விடற ஆல்ஃபாவுக்கு. அடுத்தடுத்த பிள்ளைங்க விடறது இன்னும் வேகம்.

அது டிஎன்ஏ மேல 'மோதுது'ன்னதும் கோலிக்குண்டு மாதிரி கற்பனை பண்ணிக்காதீங்க. அணுக்கருவும் அணுக்கருவும் நேருக்கு நேர் இடிச்சுக்கறது ரொம்ப அபூர்வம். ஆல்ஃபாவுக்கு ரெண்டு நேர்மின்னூட்டம். பக்கத்துல போகும்போதே வழியில இருக்கற மூலக்கூறுகள்ல இருந்து எலக்ட்ரானை இழுத்துப் பிடுங்கிட்டுப் போகும். திருவிழாக் கூட்டத்துல செயின் அறுக்கறவன் ஓடற மாதிரி. அவன் யாரையும் இடிக்கணும்னு அவசியமே இல்ல.

கொஞ்சம் கணக்கு, ஒரு நிமிஷம்தான். ஒரு மூலக்கூறுல ரெண்டு அணுவைச் சேர்த்துப் பிடிச்சிருக்கற பிணைப்பை அறுக்க 3, 4 எலக்ட்ரான்வோல்ட் போதும். டிஎன்ஏவோட எழுத்துங்களான அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின்ல இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 8, 9 ஆகும். நாலுல குவானைன்தான் ரொம்ப ஏமாளி, சீக்கிரம் விட்டுடும். டிஎன்ஏ ஏணியோட அகலம் 2 நானோமீட்டர். உடம்புக்குள்ள ஓடற ஒரு ஆல்ஃபா ஒவ்வொரு நானோமீட்டருக்கும் சராசரியா சுமார் 100 எலக்ட்ரான்வோல்ட் இறக்கிட்டுப் போகும். அப்போ ஒரு தடவை ஏணியைக் குறுக்கே தாண்டினா 200. 4 போதும்ங்கற இடத்துல 200.

இதுல ஒரு விசித்திரம். வேகமா ஓடும்போது சேதம் கம்மி, மெதுவாகும்போதுதான் ஜாஸ்தி. மூலக்கூறு பக்கத்துல அதிக நேரம் நிக்குது இல்லையா, பிடுங்க நேரம் கிடைக்குது. பயணத்தோட கடைசித் துளியில சேதம் உச்சத்துக்குப் போகும். 1904ல ஆஸ்திரேலியாவுல வில்லியம் ஹென்றி பிராக் கண்டுபிடிச்ச விஷயம் இது. ரொம்ப மெதுவாகிட்டா, பிடுங்கின எலக்ட்ரான்கள்ல ரெண்டைத் தானே வெச்சுக்கிட்டு சாதாரண ஹீலியம் அணுவா அடங்கிடும். அயனியாப் போனது அணுவா நிக்கும். சென்னை தரமணியில 2019ல திறந்த புரோட்டான் புற்றுநோய் மையம் ஓடறது இதே பிராக் உச்சத்தை நம்பித்தான். அங்க ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனி. வேகத்தைச் சரியாக் குறிச்சா, கட்டியில போய் நின்னு டிஎன்ஏவை உடைக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கற நல்ல சதையைத் தொடாது. மணல்ல பயமுறுத்தற அதே இயற்பியலுக்கு தரமணியில அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுப் போறோம்.

டிஎன்ஏவோட ஒவ்வொரு பாகமும் எப்படி உடையுதுன்னு தனித்தனியாப் பார்த்தவங்களும் உண்டு. நெதர்லாந்துல குரோனிங்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க வெளியிட்ட சோதனைங்க, மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துல நடந்த சோதனைங்க எல்லாம் இந்த வகை. எழுத்து மூலக்கூறைப் பொடியா எடுத்து, சின்ன அடுப்புல சூடாக்கி ஆவியாக்குவாங்க. அந்த ஆவிக்குக் குறுக்கே அயனிக் கற்றையை விடுவாங்க. சிதறி வர்ற துண்டுங்களையோ எலக்ட்ரானையோ அளப்பாங்க. பெரும்பாலும் யுராசில்ல ஆரம்பிப்பாங்க. அது ஆர்என்ஏவோட எழுத்து, ஆனா சூட்டுல கெடாம நல்லா ஆவியாகும். சமையல்ல முதல்ல உப்புமா கத்துக்கற மாதிரி.

இதுல தெரிஞ்ச முக்கியமான சேதி: எழுத்துங்க வளையமா இருக்கறதால ஓரளவு தாக்குப்பிடிக்குது. ஏணியோட பக்கச் சட்டத்துல இருக்கற சர்க்கரைதான் நொறுங்குது. எழுத்து மாறினா அது எழுத்துப்பிழை. சட்டம் உடைஞ்சா ஏணியே அறுந்துபோச்சு. 2000ல கனடாவுல லியோன் சான்ஷ் குழு இன்னொண்ணைக் காட்டினாங்க. அயனி பிடுங்கிப் போட்ட எலக்ட்ரான் இருக்கே, அது வேகமெல்லாம் போய்த் தளர்ந்த நிலையிலயும் டிஎன்ஏ மேல ஒட்டி இழையை அறுக்குதாம். செயின் அறுத்தவன் ஓடிட்டான், அறுந்து விழுந்த மணியில வழுக்கி இன்னும் நாலு பேர் விழறாங்க.

சரி, இவ்வளவு பயங்கரம்னா மணவாளக்குறிச்சியில யாருமே இருக்கக் கூடாதே?

ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, ஆல்ஃபா வெளியில இருந்து உள்ள வர முடியாது. காத்துல சில சென்டிமீட்டர்ல அடங்கிடும், தோல் மேல இருக்கற செத்த செல் படலமே பெரும்பாலும் நிறுத்திடும். கடற்கரையில நடக்கறவங்க மேல படறது முக்கியமா காமா கதிர். அது அங்கொண்ணும் இங்கொண்ணுமா எலக்ட்ரானைத் தட்டிவிடும், ஆல்ஃபா மாதிரி ஒரே இடத்துல குவிச்சு அடிக்காது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல கல்யாணம் பார்த்த பாட்டிக்கும் இதே கணக்குதான். உடைஞ்ச மேன்டில் தூசியை மூச்சுல இழுக்கக் கூடாதுங்கறது வேற விஷயம், ஏன்னா ஆல்ஃபா ஆபத்தாகறது உள்ள போனாத்தான். தோரிய வரிசையில நடுவுல தோரான்னு ஒரு வாயு பிறக்குது. அதோட அரை ஆயுள் ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. மூச்சோட உள்ள போய் அங்க சிதைஞ்சா, அப்போ நுரையீரல் செல்லுக்குப் பக்கத்துல சுவரே கிடையாது.

ரெண்டாவது, செல் சும்மா இருக்காது. கதிரே படாத உடம்புலயும் ஒவ்வொரு செல்லுலயும் தினமும் பத்தாயிரக்கணக்குல சின்னச் சின்ன டிஎன்ஏ சேதம் நடக்குது, தண்ணியாலயும் ஆக்சிஜனாலயும். அதைச் சரிபண்ணுற இயந்திரம் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2015ல வேதியியல் நோபல். ஒரு பக்க இழை மட்டும் அறுந்தா எதிர்ப்பக்கத்தைப் பார்த்து எழுதிக்கும். ஆல்ஃபாகிட்ட சிக்கல் என்னன்னா, ரெண்டு பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்துல ஒரே அடியில உடைக்கும். பார்த்து எழுத நகலே இருக்காது.

இப்போ அந்த ஜனங்களோட கதை. ஹிரோஷிமாவுக்கு அப்புறம், 1950கள்ல உலகத்துக்கே ஒரு பயம்: குண்டு சோதனைத் தூசியால அடுத்த தலைமுறை கெட்டுப்போகுமா? எக்ஸ் கதிர் மரபணுவை மாத்தும்னு ஹெர்மன் முல்லர் 1927லயே பழ ஈக்கள்ல காட்டிட்டார். மனுஷன்ல எப்படிப் பார்க்கறது? ஏற்கெனவே அதிகக் கதிர்ல வாழற ஜனத்தைத் தேடினாங்க. 1959ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு கை காட்டின இடங்கள்ல ஒண்ணு நம்ம தென்மேற்குக் கரை. கேள்வி கேட்டது வெளியூர்க்காரங்க. அளக்கப்பட்டது மீனவங்களும் கயிறு திரிக்கறவங்களும்.

முதல் பெரிய ஆய்வுகள்ல ஒண்ணு எலி மேல. லண்டன் மரபியலாளர் ஹான்ஸ் க்ரூனபெர்க் குழு, மணல்ல வாழற கறுப்பு எலிங்களைப் பிடிச்சு எலும்பையும் பல்லையும் அளந்தாங்க. 1966 அறிக்கை: மத்த இடத்து எலிக்கும் இதுக்கும் குறிப்பிடும்படியா வித்தியாசம் இல்ல. பத்து வருஷம் கழிச்சு, 1976ல, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கொச்சுப்பிள்ளை குழு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க: கேரளக் கடற்கரையில டவுன் சிண்ட்ரோம் அதிகமாத் தெரியுது. உடனே எதிர்ப்பு. எண்ணிக்கை சின்னது, ஒப்பிட்ட ஊர் சரியில்ல, தாயோட வயசைச் சரியாக் கணக்குல எடுக்கலைன்னு.

அப்புறம் 2002. பீட்டர் ஃபோர்ஸ்டர் குழு கொல்லம் பக்கத்துல கதிர் அதிகமான கடலோரத் துண்டுலயும், பக்கத்துலயே கதிர் கம்மியான தீவுகள்லயும் 248 குடும்பம், 988 பேரோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை எழுத்தெழுத்தாப் படிச்சாங்க. அது தாய்கிட்ட இருந்து மட்டும் வர்றது. கதிர்ப் பகுதியில தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவுல எழுத்து மாற்றம் தெளிவாவே அதிகம். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் மாற்றம் எங்க விழுந்ததுங்கறதுதான். நேரடியா மோதி உடைஞ்சா எங்க வேணா விழணும். இங்க விழுந்தது, குறைஞ்சது 60,000 வருஷமா மனுஷ இனத்துல அடிக்கடி மாறிட்டு வர்ற அதே இடங்கள்ல. அதாவது கதிர் புதுசா ஒரு பிழையைச் செய்யலை போல. செல் வழக்கமா விடற பிழையைத்தான் வேகப்படுத்தியிருக்கு.

இதைப் படிச்சா முடிவு தெரிஞ்ச மாதிரி இருக்கும். 2009 வரைக்கும் பொறுங்க. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990ல கருநாகப்பள்ளியில ஒரு பதிவேடு தொடங்கியிருந்தாங்க. வீடு வீடாப் போய்க் கதிரை அளந்து, யாருக்குப் புற்றுநோய் வருதுன்னு வருஷக்கணக்கா எழுதினாங்க. கடலோரப் பஞ்சாயத்துகள்ல வீட்டுக்கு வெளிய அளவு வருஷத்துக்கு 4 மில்லிகிரேக்கும் மேல, சில இடத்துல 70. இயற்கையில எல்லா வழியாவும் சேர்த்து ஒரு மனுஷனுக்குக் கிடைக்கறதோட உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். காமாவுக்கு இந்த ரெண்டு அளவையும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வெச்சுக்கலாம். சுமார் 70,000 பேரைச் சராசரியா பத்தரை வருஷம் தொடர்ந்தாங்க. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கதிர் கூடக்கூட நோய் கூடுதா? இல்ல. கதிரோட தொடர்பு தெரியவே இல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1995ல இருந்து அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகள்ல ஒரு லட்சத்துக்கும் மேல பிறந்த குழந்தைங்களைப் பார்த்ததுலயும் பிறவிக் குறைக்கும் கதிர் அளவுக்கும் தொடர்பு தெரியலை.

அப்போ 2002 பொய்யா? அப்படிச் சொல்றவங்க இருக்காங்க. 2009ஐ 'அரசாங்க அறிக்கை'ன்னு தள்ளிவிடறவங்களும் இருக்காங்க. எனக்கு ரெண்டுமே சோம்பேறித்தனமாத் தெரியுது. ஒரு குழு எண்ணினது எழுத்துப்பிழையை. இன்னொரு குழு எண்ணினது நோயை. நடுவுல பழுதுபார்க்கற இயந்திரம், செத்து ஒதுங்கற செல், நோய் எதிர்ப்பு எல்லாம் இருக்கு. ஒரு கிரே காமாவுக்கு ஒரு செல்லுல சுமார் 40 இரட்டை முறிவு விழும்னு பாடப்புத்தகக் கணக்கு. வருஷத்துக்கு 4 மில்லிகிரேன்னா, ஒரு செல்லுக்கு ஆறு வருஷத்துக்கு ஒரு முறிவு. செல் அதைச் சமாளிக்கற அளவுதான். 70 மில்லிகிரே இடத்துல வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மூணு. சமாளிக்குது, ஆனா வேலை கூடுது. ஆல்ஃபா உள்ள போனா இந்தச் சராசரியே செல்லாது. பெரும்பாலான செல்லுக்கு ஒண்ணும் இல்ல, மாட்டின ஒரு செல்லுக்கு மொத்தமும்.

இப்போ நான் மனசுல வெச்சுக்கச் சொன்ன 1956க்கு வருவோம். நான் சொன்ன மனுஷ ஆய்வுங்க எல்லாமே எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துல நடந்தவை. இந்தப் பக்கம் 2024ல கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்கள்ல சுமார் 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்க இந்தியன் ரேர் எர்த்ஸ் கேட்டப்போ, மீனவ ஊர்ங்க திரண்டு எதிர்த்தாங்க. அக்டோபர் 1ல நடக்க வேண்டிய கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போச்சு. அங்க ரெண்டு வாதம் மோதுது. 'மோனசைட்டை எடுத்துட்டா கதிர் குறையும், உங்களுக்குத்தான் நல்லது'ன்னு ஒரு பக்கம். 'எங்க வீட்டுல புற்றுநோய் இருக்கு, தோண்டினா இன்னும் கிளம்பும்'னு இன்னொரு பக்கம்.

முதல் வாதம் காமாவைப் பத்திப் பேசுது. மணலோட மோனசைட் போனா அந்த இடத்துல காமா குறையும், உண்மைதான். ரெண்டாவது வாதம், சரியாக் கேட்டீங்கன்னா, ஆல்ஃபாவைப் பத்தினது: தோண்டும்போது, உலர்த்தும்போது, பிரிக்கும்போது பறக்கற தூசியை யார் மூச்சுல இழுக்கறது? ஆலையில வேலை பார்க்கறவரா, பக்கத்து வீட்டுக் குழந்தையா? வீட்டு வாசல்ல வெச்ச காமா மீட்டர் அதுக்குப் பதில் சொல்லாது. காத்துல தோரானை அளக்கணும், தூசியை அளக்கணும், யாருக்கு என்ன நோய்னு பேர் பேரா எழுதி வைக்கணும். கருநாகப்பள்ளியில 1990ல எழுத ஆரம்பிச்சு, ஒரு பதில் சொல்ல 19 வருஷம் ஆச்சு. கிள்ளியூர்ல கேட்ட குத்தகையோ, அந்தப் பதிவேட்டுல ஒரு பேர்கூட இல்லாத ஊர்ங்க மேல.